ஆளைக் கூப்பிடும் முன்: வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஃபேன் மெதுவாகச் சுற்றும், குழாய் சொட்டும், வைஃபை படுக்கையறைக்கு எட்டாது. இதற்கெல்லாம் பெட்டி நிறையக் கருவிகள் தேவைப்படாது. கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கும் பொறுமைதான் முக்கியம். இடம் தெரிந்துவிட்டால் பல வேலைகளை நாமே முடித்துவிடலாம். ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டியிருந்தாலும், என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவரிடம் தேவையில்லாத பாகத்தைத் தள்ளிவிடுவது சுலபமில்லை. மாடியில் டேங்க், போரில் உப்புத் தண்ணீர், ஹாலில் இன்வர்ட்டர் என்று இருக்கும் நம் ஊர் வீடுகளை மனதில் வைத்தே இவற்றை எழுதுகிறேன்.

1. மெயின் போர்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்குப் போகிறது என்று பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. ஒருவர் போர்டு அருகே நின்று ஒவ்வொன்றாக இறக்கட்டும், இன்னொருவர் எங்கே விளக்கு அணைகிறது என்று பார்த்துச் சொல்லட்டும். 'ஹால்', 'கிச்சன் பவர்', 'மோட்டார்' என்று எழுதி ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் உதவும்.

கரண்ட் வேலை எதுவானாலும் சுவர் சுவிட்சை நம்பாமல் இங்கே இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வயரிங் செய்தவர் தவறுதலாக சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் பாயின்ட்டில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். இன்வர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மெயினை இறக்கியதும் 'கரண்ட் போய்விட்டது' என்று எடுத்துக்கொண்டு இன்வர்ட்டர் ஓடத் தொடங்கிவிடும். ஃபேன், லைட் லைனில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் அப்படியே இருக்கும். ஆகவே இன்வர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு டெஸ்டரை எடுத்து, முதலில் கரண்ட் இருக்கிற வேறொரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். பழுதான டெஸ்டர் எங்கே வைத்தாலும் எரியாது.

2. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதா? வீடுகளில் பொதுவாகப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும் வகை. ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பாற்றுவது அதுதான். 'தொந்தரவாக இருக்கிறது, எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

கசிவைப் பிடிக்கும் முறை இது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். அது நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. இனி அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலிலிருந்து எர்த்துக்குக் கசிவு இருந்தால் அது தொடரும். கீசர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். மழை பெய்யும்போது மட்டும் விழுந்தால் மொட்டைமாடி விளக்கையும் வாசல் காலிங் பெல் சுவிட்சையும் பாருங்கள். பிளக் எல்லாம் உருவிய பிறகும் விழுந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது. அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

3. ஃபேன் மெதுவாகச் சுற்றினால். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் காற்று வரவில்லை, அல்லது குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் கண்டன்சர் வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா அறையிலும் ஃபேன் மெதுவாக ஓடினால் மட்டும் லோ வோல்டேஜாக இருக்கலாம். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஃபேனின் மேல் கிண்ணத்தைத் தளர்த்தினால் கண்டன்சர் தெரியும். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எங்கே என்ற குழப்பம் வராது. பழைய கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரின் உலோக முனையால் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டுக் கையில் எடுங்கள்.

அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்றோ 3.15 என்றோ அச்சிட்டிருக்கும். அதே அளவையே கடையில் கேட்டு வாங்குங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவைப் போட்டால் காயில் சூடேறி ஃபேனே போய்விடும். கையால் சுற்றும்போதே இறுக்கமாகவோ கரகரவென்றோ இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கழற்றிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோவதுதான் வழி. ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன்களில் இந்தக் கண்டன்சர் வேலைக்கு இடமே இல்லை. ஏறி நிற்க உறுதியான ஏணி வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்.

4. மிக்ஸி திடீரென நின்றுவிட்டால் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் சிவப்பாக ஒரு பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பளு தாங்காமல் அது விழுந்திருக்கிறது. பிளக்கை உருவி, பத்து நிமிடம் ஆறவிட்டு, பொத்தானை அழுத்தி, ஜாரில் பாதியைக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். ரிப்பேர் கடைக்கு வரும் மிக்ஸிகளில் சில இந்தப் பொத்தானுக்காகவே வருகின்றன.

5. இன்வர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீர், மழைத் தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் கூடாது. அவற்றில் இருக்கும் உப்பும் உலோகத் துகளும் தகடுகளைக் கெடுக்கும். ஆசிட்டும் சேர்க்க வேண்டாம், ஆவியாகிக் குறைவது தண்ணீர்தான். மிதவைக் குறியீட்டில் பச்சைக் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் இன்வர்ட்டரை அணைத்து, வயரைக் கழற்றி, சோடா உப்பு கரைத்த வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வயரை மாட்டி வாசலின் தடவிவிடுங்கள். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். எனவே பூஜை அறை விளக்கும் ஊதுவத்தியும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

6. சொட்டும் குழாய். பலமுறை சுற்றித் திறக்கும் பழைய வகைக் குழாயானால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். கால் சுற்றில் திறந்து மூடும் வகையானால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். எதுவானாலும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், மரை பொருந்தாது. அந்த லைனின் கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்த பிறகே ஸ்பானரை வையுங்கள்.

குழாயையே மாற்றும்போது டெஃப்லான் டேப்பைச் சுற்றும் திசை முக்கியம். மரையின் முனை நம்மைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே டேப் பிரிந்து வந்துவிடும், கசிவும் நிற்காது.

7. ஷவரில் பாதித் துளையில்தான் தண்ணீர் வருகிறதா? உப்பு அடைத்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரோ லெமன் சால்ட் கரைத்த வெந்நீரோ ஊற்றி, ஷவரின் தலை முழுகும்படி கட்டி இரண்டு மணி நேரம் விட்டு, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். குழாய் வாயில் இருக்கும் சின்ன வலைக்கும் இதே வைத்தியம்தான். மார்பிள் மேல் இது சிந்தக் கூடாது, பளபளப்பு போய்விடும். முக்கியமான ஒன்று: பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

8. டேங்க் சீக்கிரம் காலியாகிறது, எங்கும் ஒழுகலும் தெரியவில்லை என்றால் ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள். அதில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் ராத்திரி பகலாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்திருக்கும்.

9. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. உடனே அணையுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் கருகிவிடும். சம்ப்பில் தண்ணீர் இருந்தால், குழாயில் காற்று பிடித்திருக்கும். பம்பின் மேல் இருக்கும் மூடியைத் திறந்து, தண்ணீர் வழியும்வரை ஊற்றி, மூடி, போட்டுப் பாருங்கள். தினமும் இப்படி ஊற்ற வேண்டியிருந்தால் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். அங்கே மண்ணோ இலையோ சிக்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும், எடுத்துக் கழுவினாலே சரியாகலாம்.

10. கேஸ் அடுப்பில் மஞ்சள் தீ எரிந்து, பாத்திரத்தின் அடி கரியானால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ரப்பர் டியூபில் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டு ஆனதும், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். கசிவைப் பார்க்கச் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் பார்ப்பது வேண்டவே வேண்டாம். கேஸ் வாடை பலமாக அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும், அதனால் ஜன்னல் மட்டும் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும்.

11. ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் தண்ணீர் தேங்கினால் உட்சுவரின் அடியில் இருக்கும் வடிகால் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய ஸ்ட்ராவை விட்டு, மிதமான வெந்நீரைச் சிரிஞ்சால் செலுத்துங்கள். ஏ.சி. அறைக்குள் சொட்டுவதற்கும் அழுக்கு ஃபில்டரோ அடைத்த வடிகால் குழாயோ காரணமாக இருக்கும். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவினாலே பாதித் தொல்லை வராது.

12. வைஃபை. முதலில் கோளாறு வெளியிலா வீட்டுக்குள்ளா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்தே சிக்னல் வரவில்லை. ஃபைபர் வயர் நாற்காலிக் காலில் நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். விளக்கெல்லாம் சரி, ரூட்டர் பக்கத்தில் வேகம் வருகிறது, உள்ளறையில்தான் வரவில்லை என்றால் ரூட்டர் இருக்கும் இடம்தான் பிரச்சினை. டி.வி.க்குப் பின்னாலும் இரும்பு பீரோவுக்கு மேலும் வைக்காமல், வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள்.

ரூட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை கொடுத்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, தூரம் போகும். உள்ளறைக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் முட்டிக்கொள்ளும். ரூட்டர் செட்டிங்கில் 2.4-க்கு 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. மாற்றும் கையோடு, ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்.

13. தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் வேண்டாம் என்கிறது; அரிசித் துகள் உள்ளே போய் இன்னும் கெடுக்கும். அணைத்து, சிம் தட்டை எடுத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி ஃபேன் காற்றில் நிறுத்திவையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். முழுதாகக் காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. போன் நனையவே இல்லை, சார்ஜ் வயர்தான் நிற்காமல் வழுக்குகிறது என்றால், சட்டைப்பைப் பஞ்சு துளைக்குள் அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம்.

14. போனில் இடம் இல்லை என்றால் பெரும்பாலும் வாட்ஸ்அப் வீடியோக்கள்தான் காரணம். அதன் செட்டிங்கில் சேமிப்பு நிர்வாகம் என்ற பகுதியில் பெரிய கோப்புகள் வரிசையாக வரும், அங்கிருந்தே அழிக்கலாம். குடும்பப் படங்களுக்கு மட்டும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதைப் பின்பற்றுங்கள். போன், ஹார்ட் டிஸ்க், கிளவுட் என்று இருந்தால் சரியாகிவிடும். ஹார்ட் டிஸ்கும் ஒருநாள் போகும் பொருள்தான்.

15. ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால், கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி முதலில் வருவதற்கு அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் பொய் எண்களைப் பரப்பிவைத்திருக்கிறார்கள். வாரண்டி அட்டையில் இருக்கும் எண்ணையோ பொருளின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணையோ பயன்படுத்துங்கள். சர்வீஸுக்காகத் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னாலும், ஓ.டி.பி. கேட்டாலும், 'பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள்' என்றாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெரியவர்களின் போனிலும் இந்த எண்ணை இன்றே பதிந்து கொடுங்கள்.