பழைய ஒளிர்மை அலகுகளை நிட்டாக மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் ஊர் சூலூர்ப்பேட்டை. அங்கே 2019-இல் திறக்கப்பட்ட வி எபிக் திரையரங்கின் திரை ஏறத்தாழ 100 அடி அகலம். இவ்வளவு பெரிய திரையில் வெளிச்சம் போதுமா என்பதைச் சினிமாத் தொழிலில் இன்றும் ஃபுட்-லாம்பர்ட்டில்தான் சொல்கிறார்கள். கண் மருத்துவமனையின் பார்வைப்புலச் சோதனையில் அப்போஸ்டில்ப் வரும். பழைய இயற்பியல் நூல்களில் ஸ்டில்ப்பும் லாம்பர்ட்டும் இருக்கும். கைபேசி விளம்பரத்திலோ நிட். எல்லாம் ஒளிர்மை என்ற ஒரே அளவின் வெவ்வேறு அலகுகள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் எவரும் இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

## படி 1: எதை அளக்கிறோம்?

ஒளியில் மூன்று அளவுகளைப் பிரித்தறிய வேண்டும்.

- விளக்கு ஒரு திசையில் வீசும் ஒளிச்செறிவு: கேண்டெலா
- ஒரு பரப்பின் மேல் விழும் ஒளி: லக்ஸ்
- பரப்பிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளிர்மை: நிட், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா

லக்ஸுக்கும் நிட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கும் காளஹஸ்தி, வாயுத்தலம். கருவறையில் அசைந்துகொண்டே இருக்கும் விளக்கை வாயுலிங்கத்தின் அடையாளமாகப் பக்தர்கள் வணங்குகிறார்கள். அந்தச் சுடரிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால், அதிலிருந்து உங்கள் மீது விழும் லக்ஸ் கால் பங்காகிவிடும். சுடரின் ஒளிர்மை மட்டும் மாறாது. உருவம் சிறுத்துத் தெரியுமே தவிர, சுடர் மங்காது. லக்ஸையும் நிட்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

## படி 2: அலகு எந்தக் குடும்பம்?

பழைய அலகுகள் இரண்டு குடும்பங்களாகப் பிரியும்.

- பை (π = 3.1416) இல்லாத குடும்பம்: நிட், ஸ்டில்ப், சதுர அடிக்குக் கேண்டெலா
- பை உள்ள குடும்பம்: அப்போஸ்டில்ப், லாம்பர்ட், ஃபுட்-லாம்பர்ட்

இரண்டாவது குடும்பத்தில் பை நுழைந்ததற்குக் காரணம் உண்டு. 1760-இல் ‘ஃபோட்டோமெட்ரியா’ நூலை வெளியிட்ட யோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட், எல்லாத் திசையிலும் ஒரே ஒளிர்மையோடு தெரியும் சொரசொரப்பான பரப்பை ஆராய்ந்தவர். அத்தகைய முழு வெண்பரப்பில் 1 லக்ஸ் விழுந்தால் அதன் ஒளிர்மை 1/பை நிட். அதையே 1 அப்போஸ்டில்ப் என்று வைத்துக்கொண்டால் கணக்கில் பை தேவைப்படாது. சதுர அடியில் அளப்பவர்களுக்கு 1 ஃபுட்-கேண்டில் (10.764 லக்ஸ்) விழுந்தால் 1 ஃபுட்-லாம்பர்ட்.

ஒரே குடும்பத்துக்குள் மாற்றப் பரப்பளவின் விகிதம் போதும். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் இருப்பதால் 1 ஸ்டில்ப் = 10,000 நிட்; 1 லாம்பர்ட் = 10,000 அப்போஸ்டில்ப். குடும்பம் மாறும்போதுதான் 3.1416 வேண்டும்.

## படி 3: எல்லாவற்றையும் முதலில் நிட்டாக்குங்கள்

- 1 ஸ்டில்ப் = 10,000 நிட்
- 1 சதுர அடிக்குக் கேண்டெலா = 10.764 நிட்
- 1 அப்போஸ்டில்ப் = 0.3183 நிட்
- 1 லாம்பர்ட் = 3,183 நிட்
- 1 மில்லிலாம்பர்ட் = 3.183 நிட்
- 1 ஃபுட்-லாம்பர்ட் = 3.426 நிட்

பழைய அலகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவ வேண்டாம். இந்த எண்ணால் பெருக்கி நிட்டாக்குங்கள். பிறகு, வேண்டிய அலகின் எண்ணால் வகுங்கள்.

## படி 4: போட்டுப் பாருங்கள்

திரையரங்கு. டிஜிட்டல் சினிமாவில் வெண்திரைக்கான அளவு 14 ஃபுட்-லாம்பர்ட். 14 × 3.426 = 47.96; அதாவது 48 நிட். பிலிம் காலத்து அளவான 16 ஃபுட்-லாம்பர்ட், ஏறத்தாழ 55 நிட்.

கண் சோதனை. பார்வைப்புலக் கருவியின் பின்னணி ஒளிர்மை 31.5 அப்போஸ்டில்ப். 31.5 × 0.3183 = 10.03, அதாவது 10 நிட்.

சுடர். மெழுகுவத்திச் சுடர் சுமார் 10,000 நிட். ஸ்டில்ப்பில் 1; லாம்பர்ட்டில் 10,000 ÷ 3,183 = 3.14. குடும்பம் மாறியதும் பை தலைகாட்டுவதைக் கவனியுங்கள்.

## படி 5: விடையைச் சரிபாருங்கள்

திரைக் கணக்கை வேறு வழியிலும் போடலாம். முழு வெண்பரப்பில் 14 ஃபுட்-லாம்பர்ட் கிடைக்க 14 ஃபுட்-கேண்டில் விழ வேண்டும்; அது 14 × 10.764 = 150.7 லக்ஸ். அதை 3.1416-ஆல் வகுத்தால் 47.97 நிட். முன்பு கிடைத்ததும் இதுவே. விடை மூன்று மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால் பை விடுபட்டிருக்கிறது. பத்து மடங்கு பிசகினால் சதுர அடி, சதுர மீட்டர் குழப்பம்.

## கவனிக்க வேண்டியவை

- ஃபுட்-கேண்டில் திரையில் விழும் ஒளி. ஃபுட்-லாம்பர்ட் திரை திருப்பித் தரும் ஒளி. ஒளியைக் கூட்டித் தரும் வெள்ளித்திரையில் இரண்டும் சமமாகாது.
- 1948-க்கு முந்தைய நூல்களில் கேண்டெலாவுக்குப் பதில் சர்வதேச கேண்டில் இருக்கும். அது சுமார் 2 விழுக்காடு பெரியது.
- மூல எண்ணில் எத்தனை இலக்கத் துல்லியமோ விடையிலும் அத்தனையே போதும்.

பழைய அளவீடு ஒன்றைப் பதிவு செய்யும்போது மூல எண், மூல அலகு, நிட் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால், உங்களுக்குப் பின் வருபவர் அதைச் சரிபார்க்க வழியே இல்லை.