நடுக்கடலில் மெக்கானிக் யார்?



நம் திருப்பத்தூரிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஏலகிரி மலையில் புங்கனூர் ஏரிப் படகுதான் நம்மில் பலர் ஏறிய ஒரே படகு. அப்படியிருக்க, கடலோடும் பாய்மரப் படகைப் பழுது பார்ப்பது பற்றி நமக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

2025 மே 29 அன்று 'தாரிணி' என்னும் பாய்மரப் படகு உலகைச் சுற்றிவிட்டுக் கோவாவுக்குத் திரும்பியது. அதில் இருந்தவர்கள் இருவரே. ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். 2024 அக்டோபர் 2இல் புறப்பட்டு, ஏறத்தாழ எட்டு மாதங்களில் 25,000 கடல் மைல்களுக்கு மேல், அதாவது 46,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்தார்கள். வழியில் நான்கு துறைமுகங்களில் மட்டுமே நின்றார்கள். பசிபிக் கடலில் 'நெமோ முனை' என்னும் இடத்தையும் கடந்தார்கள். அங்கிருந்து மிக அருகிலுள்ள நிலமே சுமார் 2,690 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது!

செய்தியைப் படித்த மாணவி கேட்டாள்: "சார், அங்கே ஏதாவது உடைந்து போனால் மெக்கானிக்கை எங்கே தேடுவார்கள்?"

நல்ல கேள்வி. படகோ புதியதன்று. 2017இல் கோவாவில் கட்டப்பட்டு, ஏற்கெனவே 2017–18இல் ஆறு பெண் அதிகாரிகளுடன் உலகை ஒரு முறை சுற்றி வந்தது. அத்தகைய படகில் எது, எப்போது, ஏன் கெடும் என்பதை முன்கூட்டியே அறிந்தால்தான் பிழைக்கலாம். அந்த 'ஏன்' என்பதற்கான விடைகள் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் காண்போம்.

உப்பு நீரில் ஒரு மின்கலம்

என் வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் சற்று உப்பு. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் ஒரு பித்தளை வால்வு பொருத்தியிருந்தோம். சில ஆண்டுகளில் குழாய் ஓட்டையாகிவிட்டது. எங்கே தெரியுமா? வால்வை ஒட்டிய இடத்தில் மட்டும்! மற்றப் பகுதி நன்றாகவே இருந்தது.

காரணம் எளிது. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் இருந்தால், அது ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. எது எளிதில் எலெக்ட்ரான்களை இழக்குமோ, அந்த உலோகம் கரைகிறது. மற்றது தப்பித்துக் கொள்கிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. படகிலோ எஃகு, வெண்கலம், அலுமினியம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

பரிகாரம் என்ன? கரைவதற்கென்றே ஒரு துத்தநாகக் கட்டியை நீருக்கடியில் பொருத்திவிடுகிறார்கள். துத்தநாகம் இரும்பையும் வெண்கலத்தையும் விட எளிதில் எலெக்ட்ரான்களை இழப்பது. ஆகவே அது தேய்ந்து மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. பாதி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. இன்னொன்று: பல மாதங்களாகியும் கட்டி தேயவே இல்லையென்றால் மகிழ்ந்துவிடாதீர்கள்! காக்க வேண்டிய உலோகத்தோடு அதன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

இம்முறையை 1824இல் சொன்னவர் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகடுகள் அரிக்கப்படாமல் இருக்க, இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் எதிர்பாராத தொல்லை ஒன்று வந்தது. கரைந்த செம்புதான் அதுவரை நஞ்சாக இருந்து, ஓடுடைய சிறு உயிரிகளும் பாசியும் ஒட்டாமல் தடுத்து வந்தது. செம்பு காப்பாற்றப்பட்டதும் அவை அடியில் மண்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. ஒன்றைத் திருத்தும்போது அதனோடு சேர்ந்த மற்றவற்றையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

இத்தகைய அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்கி வருகிறது.

கம்பியும் தோலும்

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பவை எஃகுக் கம்பி வடங்கள். ஒவ்வோர் அலையிலும் அவற்றின் இழுவிசை கூடிக் குறைகிறது. பத்து வினாடிக்கு ஓர் அலை என்று கொண்டால், ஒரு நாளைக்கு 8,640 முறை. 200 நாட்களில் 17 லட்சத்துக்கு மேல்! ஒரு கட்டுக்கம்பியைக் கையால் முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஒடிந்துவிடும். ஒரே இழுப்பில் அறாத கம்பி, ஓயாத சிறு அசைவுகளில் களைத்து அறுகிறது. இதற்கு 'உலோகக் களைப்பு' என்று பெயர்.

துருப்பிடிக்காத எஃகுதானே என்று அலட்சியம் கூடாது. அதைக் காப்பது மேற்பரப்பிலுள்ள மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறப்பட்டால், ஆக்சிஜன் கிடைக்கும் வரை தானே மீண்டும் உருவாகும். கம்பி முனைப்பூட்டுக்குள் நுழையும் இடுக்கில் உப்பு நீர் தேங்கினால் ஆக்சிஜன் குறைந்து, படலம் சிதைகிறது. ஆகவே வடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அறத் தொடங்கும். படகோட்டிகள் செய்யும் சோதனை மிக எளியது. கொஞ்சம் பஞ்சை எடுத்து வடத்தின்மேல் தேய்த்துக்கொண்டே போவார்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ, அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது! முனைப்பூட்டின் வாயில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

அடுத்த எதிரி உராய்வு. கயிறும் பாயும் ஒரே இடத்தில் இரவு பகலாக உரசினால் தேய்ந்துவிடும். அங்கே தோல் சுற்றுவது பழங்காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி மாணவர்களே, தோல் ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? துணியில் நூல்கள் இரண்டே திசைகளில் ஓடுகின்றன. ஒரு நூல் அறுந்தால் பக்கத்து நூல்களும் பிரிந்துவிடும். தோலிலோ நுண்ணிய நார்கள் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே மேற்புறம் தேய்ந்தாலும் கிழிசல் எளிதில் பரவாது. கடல் உப்பு தோலை உலர்த்திவிடும் என்பதால் அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும்.

புதுக் கருவியும் மின்சாரக் கணக்கும்

பழையதைக் காப்பது ஒரு வேலை; புதியதைச் சேர்ப்பது இன்னொரு வேலை. தானே திசை பார்த்துச் சுக்கானைத் திருப்பும் கருவி, செயற்கைக்கோள் வழிகாட்டி, கடல் நீரைக் குடிநீராக்கும் கருவி என்று இன்று எவ்வளவோ வந்துவிட்டன. குடிநீர்க் கருவி நமக்குப் புதியதன்று. நம் வட்டாரத் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உள்ள ஆர்.ஓ. முறைதான் அதிலும் இருப்பது. கடல் நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 வளிமண்டலம். அதை வெல்ல ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தில் நீரைத் தள்ள வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். நடுக்கடலில் மின்கம்பம் ஏது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தானியங்கிச் சுக்கான் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சராசரியாக 4 ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். திறன் 48 வாட். ஒரு நாளைக்கு 1,152 வாட்-மணி. இப்போது பாய்மர உச்சியிலுள்ள 25 வாட் இழை விளக்கை எடுத்துவிட்டு, 3 வாட் எல்.இ.டி. விளக்கைப் போடுங்கள். இரவில் 12 மணி நேரம் எரிந்தால் மிச்சம் 264 வாட்-மணி. அதைக் கொண்டு சுக்கான் கருவி ஐந்தரை மணி நேரம் ஓடும்! புதிய கருவி வாங்குவதற்கு முன் பழைய செலவைக் குறைப்பதே சிறந்த முன்னேற்றம்.

மின் இணைப்புகளையும் மறக்கக் கூடாது. உப்புக் காற்றில் பச்சை பூத்த ஓர் இணைப்பின் தடை 0.1 ஓம் என்றால், 10 ஆம்பியர் செல்லும்போது 1 வோல்ட் அங்கேயே வீணாகும். 230 வோல்ட்டில் 1 வோல்ட் பெரிதல்ல. 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. கருவி கெட்டுவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் கெட்டது பத்து ரூபாய் இணைப்பு!

கழிவறைக் கதவு

இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி, 2018இல் தனியாக உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் கலந்துகொண்டார். தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு, எழ முடியாமல் கிடந்தவரை மூன்று நாட்களுக்குப் பின் ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

நான்கு ஆண்டுகளில் அவர் மீண்டும் அதே பந்தயத்துக்கு வந்தார். அங்கே நவீன வழிகாட்டிக் கருவிகளுக்கு அனுமதி இல்லை. மின்சாரமே வேண்டாத, காற்றின் விசையால் சுக்கானைத் திருப்பும் அமைப்புத்தான் துணை. வழியில் அது உடைந்தது. அவர் படகின் கழிவறைக் கதவை அறுத்து, அதற்கு வேண்டிய பாகத்தைச் செய்துகொண்டார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். புறப்பட்டவர்கள் 16 பேர். எங்கும் நில்லாமல் முடித்தவர்கள் மூவரே. கருவி எவ்வாறு இயங்குகிறது என்று அறியாதவருக்குக் கதவு கதவாகவே தெரிந்திருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடித் தம்ளர்களில் 200 மில்லிலிட்டர் நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் 7 கிராம் உப்பைக் கரையுங்கள். உங்கள் கடல் தயார்! முதல் தம்ளரில் தேய்த்துத் துடைத்த இரும்பு ஆணி ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டாவதில், செப்புக் கம்பி இறுகச் சுற்றிய ஆணி. மூன்றாவதில், துத்தநாகம் பூசிய தகட்டுத் துண்டு இறுகச் சுற்றிய ஆணி. ஒரு வாரம் நாள்தோறும் பார்த்து, தேதியிட்டுக் குறிப்பெழுதுங்கள். எந்த ஆணி முதலில் துருவேறுகிறது? எது கடைசி வரை தாக்குப் பிடிக்கிறது? மூன்றாவது தம்ளரில் கரைவது எது?

கடலோடிகளும் இதைத்தான் செய்கிறார்கள்: நாள்தோறும் பார்க்கிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், எழுதி வைக்கிறார்கள். அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுவே: "நடுக்கடலில் மெக்கானிக்கைத் தேடுவதில்லை, அம்மா. கரையில் இருக்கும்போதே அவரை உருவாக்கி, படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்."

நாளைக் காலை உங்கள் சைக்கிள் சங்கிலியைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.