நந்தியாவட்டைப் புழுவை வளர்ப்பது எப்படி?

காலையில் பூப் பறிக்கப் போனால் நந்தியாவட்டையின் ஒரு கிளை மட்டும் மொட்டையாக நிற்கும். நேற்று மாலை வரை இலை இருந்த கிளை. உடனே பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். வளர்ந்த செடி என்றால் மறுபடி துளிர்த்துவிடும். அதைத் தின்ற புழுவோ சில வாரங்களில் பச்சையும் இளஞ்சிவப்பும் குழைத்த பளிங்குபோல இறக்கை விரிக்கப் போகிறது. அதுதான் அரளிப் பருந்து அந்துப்பூச்சி. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் அரளியின் லத்தீன் பெயரை வைத்தே அதற்கு 'நெரியை' (nerii) என்று பெயர் வைத்தார். நம் வீடுகளில் அது பெரும்பாலும் அகப்படுவது நந்தியாவட்டையில்தான்.

முதலில் தரையைப் பாருங்கள். செடிக்கடியில் மிளகு மிளகாக எச்சம் கிடந்தால், அதற்கு நேர் மேலே காம்பை ஒட்டிப் புழு இருக்கும். இலையின் நிறமேதான் அதற்கும். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். முட்டையிலிருந்தே தொடங்க ஆசையென்றால், மழைக்குப் பின் வரும் தளிர்களைப் புரட்டிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில், வெளிர்பச்சையில் தனித்தனியாக ஒட்டியிருக்கும். பொரித்ததும் வரும் குட்டிப்புழு மஞ்சளாக இருக்கும். வாலில் மயிர்போலக் கறுத்த கொம்பு ஒன்று நீண்டிருக்கும். நான்கு முறை தோலுரித்து விரல் நீளத்துக்கு வளரும்போது அந்தக் கொம்பு குட்டையாகி, மஞ்சளாகிவிடும்.

இரண்டு புழு போதும். ஒன்றைத் தொட்டால் தலையை உள்ளிழுத்துக் கழுத்துப் பக்கத்தை உப்பிக்கொள்ளும். நீல வெள்ளையில், கறுப்பு விளிம்போடு இரண்டு பொய்க்கண்கள் திறக்கும். பறவை மிரள்வதற்கான வேஷம் அது, கடிக்காது, அரிக்காது. ஆனாலும் கையால் பிடித்து இழுக்க வேண்டாம். இருக்கும் காம்போடு நறுக்கி எடுங்கள்.

பெரிய அட்டைப்பெட்டியில் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, கொசுவலைத் துணி ஒட்டுங்கள். நந்தியாவட்டைக் கிளையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே இலையைத்தான் கடைசிவரை கொடுக்க வேண்டும். மருந்து அடித்த இலை கூடவே கூடாது. அரளி என்றால் பால் நஞ்சு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எச்சத்தைத் தினமும் தட்டிவிடுங்கள், ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த அறையில் கொசுவர்த்தி ஏற்றாதீர்கள். கொசுவைக் கொல்லும் புகை இதையும் கொல்லும்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள் தீனியை நிறுத்திவிடும். முதுகு பழுப்பாகும், பெட்டிக்குள் நிலைகொள்ளாமல் அலையும். நோய் என்று பயந்துவிடாதீர்கள், மண்ணைத் தேடுகிறது. இரண்டு அங்குலத்துக்கு லேசான ஈரமண் பரப்பி, மேலே காய்ந்த சருகைப் போடுங்கள். சருகுகளை நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகும். அதன் பிறகு தோண்டிப் பார்க்காதீர்கள். மண் வறண்டால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். சில சமயம் கூட்டிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் ஈ வரும். புழுவாக இருந்தபோதே ஒட்டுண்ணி ஈ உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் வளர்ப்பில் குறையில்லை.

வெயில் காலமானால் இரண்டு வாரத்துக்குள் பூச்சி வெளியே வரும். நான் முதல்முறை வளர்த்தபோது கூட்டுப்புழுவைக் கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தேன். இரவில் வெளியே வந்த பூச்சி வழுவழுப்பில் ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கி விழுந்திருக்கிறது. காலையில் பார்த்தபோது இறக்கைகள் கசங்கிய காகிதம்போல அப்படியே காய்ந்திருந்தன. அதைப் பறக்கவைக்க எந்த வழியும் இல்லை. வெளியே வந்ததும் எங்காவது ஏறி, இறக்கை கீழ்நோக்கித் தொங்கும்படி பற்றிக்கொண்டால்தான் இறக்கைக்குள் நீர் பாய்ந்து அது விரியும். ஆகையால் சொரசொரப்பான குச்சி இரண்டைச் சாய்த்து வையுங்கள். மேலே ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும். செம்பழுப்பாக ஏதோ சொட்டினால் ரத்தமோ என்று பதறாதீர்கள், கூட்டுக்குள் சேர்ந்த கழிவுதான்.

மறுநாள் அந்தி வரை தொடாமல் விடுங்கள். இருட்டும் நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு, பல்லி இல்லாத இடத்தில் பெட்டியைத் திறந்து வையுங்கள். பறக்கும் முன் இறக்கையைப் படபடவென்று நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். அந்த நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் மல்லிகை பூத்திருந்தால், பூவுக்கு முன்னால் காற்றிலேயே நின்றபடி நீண்ட குழலை விட்டுத் தேன் உறிஞ்சுவதையும் பார்க்கக் கிடைக்கலாம்.