குடலிறக்க சிகிச்சைக்குப் பின் வயல் வேலை

உழவு மாட்டின் கழுத்தில் புண் கண்டால், அது ஆறித் தோல் கெட்டிப்படும் வரையில் நுகத்தில் பூட்டாதிருப்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. தம் சொந்தத் தேகத்திற்கு இந்தச் சலுகையை அவர்கள் அளிப்பதில்லை. ஹெர்னியா என்னும் குடலிறக்கத்திற்குச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர், வலி நின்றதே பூரண குணமென்று எண்ணி மூட்டை தூக்கத் தொடங்கிவிடுகின்றனர். வேறு சிலரோ அச்சத்தால் மாதக்கணக்காய்க் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இரண்டும் தவறேயாம்.

அடிவயிற்றுச் சுவரில் பலங்குன்றிய ஓரிடத்தின் வழியே குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குதலே குடலிறக்கமாகும். 1880-களில் இத்தாலி தேசத்துப் பதுவா நகரில் பாஸினி என்னும் சஸ்திர வைத்தியர், தசையை இழுத்துத் தைத்து அவ்விடத்தை அடைக்கும் முறையை ஏற்படுத்தினார். அக்காலத்து நோயாளிகள் வாரக்கணக்காய்ப் படுக்கையிலேயே கிடந்தனர். இப்பொழுது பெரும்பாலும் இழைவலை வைத்து அடைப்பதால், அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கக் கூடுகிறது. ஆயினும், புதிதாய்ப் போட்ட வரப்பு மேலே உலர்ந்து தோன்றினும் உள்ளே ஈரமாயிருத்தல் போல, தோல் பத்து நாளில் கூடினாலும் உட்சுவர் பலமடையப் பல வாரங்கள் செல்லும்.

தொடையிடுக்குக் குடலிறக்கத்திற்குச் சிக்கலின்றிச் சிகிச்சை பெற்றவர், உடம்பு இடங்கொடுக்கும் அளவில் வழக்கமான காரியங்களைச் சீக்கிரமே தொடங்கலாமென்று 2018-இல் வெளியான சர்வதேச வைத்தியக் குறிப்புக் கூறுகிறது. ஆனால் குமாஸ்தாவின் வழக்கமான காரியம் வேறு, குடியானவரின் காரியம் வேறு. ஒரு யூரியா மூட்டையே 45 கிலோ. ஆகவே, பளுவை 4 முதல் 6 வாரம் விலக்குக என்று பல வைத்தியர் கூறும் பழைய விதியைக் குடியானவர் கைக்கொள்வதே நலம். நடுவயிற்றில் பழைய தையல் வழியே இறங்கிய குடலிறக்கமாயின் இன்னும் அதிக காலம் வேண்டும். அதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

இக்காலத்திற்கு ஏற்ற தேகாப்பியாசம் நடையே. முதல் வாரம் வீட்டிற்குள்ளும் தெருவிலுமாகச் சிறிது நேரம், நாளைக்குப் பல தடவை நடக்கலாம். அடுத்த வாரங்களில் வயல் வரையில் போய் வரலாம். சேற்று வரப்பில் வழுக்கினால் வயிறு திடீரென இறுகுமாதலால் பாதை வழியே செல்லுதல் உத்தமம். விதை பொறுக்குதல், கணக்கெழுதுதல் போன்றவை தீங்கில்லை. மண்வெட்டி வேலை முறுக்கும் அதிர்ச்சியும் உடையது. 16 லிட்டர் மருந்துத் தெளிப்பானோ, நிரப்பினால் 20 கிலோவை நெருங்கும். இவற்றை 6 வாரம் கழித்து, முதல் நாள் கால் மணி நேரமென்று தொடங்கி, மறுநாள் வலி இல்லாவிடில் மட்டும் கூட்ட வேண்டும். எதைத் தூக்கினும் மூச்சை அடக்காமல், விட்டுக்கொண்டே தூக்க வேண்டும்.

மலச்சிக்கலும் இருமலும் மூட்டைக்குச் சமானமான பளுவை உள்ளிருந்தே தருகின்றன. கீரை, வாழைத்தண்டு, போதிய தண்ணீர் ஆகியவை அவசியம். பீடி இருமலை வளர்ப்பதோடு புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும். இருமல் வந்தால் தலையணையைத் தையலின்மேல் அணைத்துக்கொள்ளலாம்.

நோய் அவசரமற்றதென்று வைத்தியர் கூறினால், காவேரிப் பாசனப் பிரதேசத்தார் தாளடி அறுவடை முடிந்த பங்குனியில் சிகிச்சை செய்துகொள்வது அனுகூலம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12-க்குள் போதிய ஓய்வு கிடைத்துவிடும். கூலியாள் ஒருவர் சிகிச்சைக்குப் பின் திரும்பினால், மிராசுதார் அவருக்குக் களத்துக் காவல் போன்ற இலேசான வேலை கொடுக்க வேண்டும். இல்லையேல், கூலி போய்விடுமென்று அஞ்சி அவர் மூட்டையைத் தூக்கத்தான் செய்வார்.

சுரம், தையலில் சீழ், சிறுநீர் அடைப்பு ஆகியவை கண்டால் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மறுபடி வீக்கம் தோன்றி, கல்லாக இறுகி, உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் உண்டானால் விடியட்டுமென்று காத்திருக்கலாகாது. அகப்பட்ட குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும்.