சீண்டல் தடுப்புப் பொறுப்பு உங்களிடம் வந்தால்

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஆன்டி-புல்லியிங் ஆன்லைன் புரோகிராம் உங்க பொறுப்பு மிஸ், லாகின் மெயில்ல வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார். உங்களுக்கு ஏற்கெனவே எட்டாம் வகுப்பு அறிவியல், வகுப்பாசிரியர் வேலை, எமிஸ் பதிவு எல்லாம் இருக்கிறது. போகிற போக்கில் கொடுத்த வேலையைப் போகிற போக்கில் முடித்துவிடத்தான் தோன்றும். பிள்ளைகளை லேபில் உட்காரவைத்து வீடியோ போட்டு, கடைசியில் உறுதிமொழிப் பெட்டியில் டிக் அடிக்கவைத்தால் சான்றிதழ் வந்துவிடும்.

முதல் வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். சான்றிதழ் வந்த அடுத்த வாரம், அதே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் வாய் நிறையச் சோற்றோடு இருக்கும் போட்டோ ஸ்டிக்கராகச் சுற்றியது. குழுவில் 38 பேர். ஸ்டிக்கரைச் செய்தது 2 பேர். சிரிப்பு எமோஜி போட்டது 11 பேர். மற்றவர்கள் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். அந்தப் பையன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை.

இந்தப் பொறுப்பு அந்த 2 பேரைத் திருத்துவதற்கு என்று நினைத்திருந்தேன். எமோஜி போட்ட 11 பேரும், சும்மா இருந்த மற்றவர்களும்தான் இந்த வேலையின் பெரும்பங்கு என்பது பிறகுதான் புரிந்தது.

பார்த்துக்கொண்டிருப்பவர்களை மாற்றும் இந்த வேலையை ஒரு நாடு முழுக்கச் செய்து பார்த்தது ஃபின்லாந்து. 2006-ல் கல்வி அமைச்சகத்தின் நிதியோடு, துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியின் குழு 'கிவா' திட்டத்தை உருவாக்கத் தொடங்கியது. 'சீண்டலுக்கு எதிராக' என்ற ஃபின்னிஷ் சொற்களின் சுருக்கம் அது. அந்த மொழியில் கிவா என்றால் 'அருமை' என்றும் பொருள். சால்மிவல்லி 1990-களிலேயே ஒரு வகுப்பில் யார் யார் என்ன வேஷம் கட்டுகிறார்கள் என்று பிரித்துக் காட்டியவர். சீண்டுபவர், கூடச் சேர்ந்து கை நீட்டுபவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவருக்காக நிற்பவர், பாதிக்கப்படுபவர். சீண்டுகிற பிள்ளைக்கு வேண்டியது வகுப்பில் ஒரு கெத்து. அந்தக் கெத்தைக் கொடுப்பதும் எடுப்பதும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கையில் இருக்கிறது. கிவாவின் பாடங்கள் எல்லாம் இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் எழுதப்பட்டன.

ஆன்லைன் பகுதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சின்ன வகுப்புகளுக்கு ஒரு கணினி விளையாட்டு. பிள்ளை திரையில் ஒரு பள்ளிக்குள் நடந்துபோகிறது. ஒரு மூலையில் யாரையோ சுற்றி நின்று கேலி செய்கிறார்கள். அங்கே என்ன சொல்வது, என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்கிறது. தேர்வுக்கு ஏற்றபடி பதில் வருகிறது. 'எனக்குத் தெரியும், என்னால் முடியும், நான் செய்கிறேன்' என்று மூன்று படிகள். மூன்றாவது படி திரையை விட்டு வெளியே வருகிறது. கற்றதை நிஜமாகவே பள்ளியில் செய்தாயா என்று கேட்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு 'கிவா தெரு' என்று ஒரு தளம். அதில் நூலகம் உண்டு, குறும்படம் பார்க்கத் திரையரங்கு உண்டு. இவை எதுவும் தனியாக நிற்பதில்லை. வகுப்பறைப் பாடம், நாடகம், பேச்சு ஆகியவற்றுக்குப் பக்கத்துணையாகத்தான் வருகின்றன. உங்கள் பள்ளி வாங்கியிருக்கும் திட்டத்தில் திரை மட்டும் இருந்து வகுப்பறைப் பாடம் இல்லையென்றால், அந்தப் பாடத்தை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது, அளவோடு. 2009-ல் நாடு தழுவித் தொடங்கியபோது முதல் ஆண்டில் 888 பள்ளிகள், ஏறத்தாழ 1,50,000 மாணவர்கள். சீண்டல் குறைந்தது. ஆனால் அதற்கு முன் நடந்த சோதனை ஆய்வில் தெரிந்த அளவுக்குக் குறையவில்லை. மேல்வகுப்புகளில் பலன் சீராக இல்லை. வேல்ஸில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வில், சீண்டலுக்கு ஆளானதாகச் சொல்லும் வாய்ப்பு 13 சதவீதம் குறைந்திருந்தது. விற்க வருகிறவர் "சீண்டலே இல்லாத பள்ளி" என்று சொன்னால் இந்த 13-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 13 என்பதும் சின்ன எண் இல்லை. நம்முடையதைப் போன்ற, 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அது சில பிள்ளைகளின் முழு வருஷம்.

ஒப்புக்கொள்ளும் முன்

பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் தலைமையாசிரியரிடம் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். இது கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை. தலைமையாசிரியர் பின்னால் நிற்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே ஆசிரியர்கள் பாடங்களை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று ஃபின்லாந்திலேயே ஆய்வு செய்து கண்டிருக்கிறார்கள். பாடத்துக்குத் தயாராக நேரம் எடுத்துக்கொண்ட வகுப்புகளில்தான் சீண்டல் அதிகம் குறைந்தது என்பதும் அங்கே தெரியவந்தது. ஆகவே டைம்டேபிளில் எழுத்தில் ஒரு பீரியட் வேண்டும். 'ஃப்ரீயா இருக்கும்போது பண்ணுங்க' என்பது நடக்காது.

அடுத்தது ஆள். கிவா பள்ளிகளில் மூன்று பேர் கொண்ட குழு உண்டு. தனியாளாக இதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் தானாகப் போய்ப் பேசுகிற ஆசிரியர் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார், பெரும்பாலும் பி.இ.டி. சார். அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியே யாரும் எட்டிப்பார்க்காத ஒரு அறையையும் கேளுங்கள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நிறுத்திப் பேசினால் இடைவேளை முடிவதற்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

திட்டத்தை விற்கும் நிறுவனத்திடம் ஒரு கேள்வி போதும்: பிள்ளை எழுதும் பதிலை யார் யார் பார்ப்பார்கள்? தெளிவான பதில் எழுத்தில் வராவிட்டால் வேறு திட்டம் பாருங்கள்.

"சும்மா கலாய்ச்சோம் மிஸ்"

விசாரித்தால் முதலில் வரும் வாக்கியம் இதுதான். கலாய்ப்பது, ஓட்டுவது, வம்பிழுப்பது என்று நம்மிடம் இதற்கு நிறைய சொற்கள் இருக்கின்றன. பாதி விளையாட்டாகவும் பாதி வினையாகவும் இருப்பவை அவை. ஆய்வாளர்கள் சீண்டலுக்கு மூன்று அடையாளம் சொல்வார்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது. பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. "அவன் உங்களைத் திருப்பிக் கலாய்க்க முடியுமா?" இந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் விழும் அமைதியே பெரும்பாலும் விடை.

நம் ஊரில் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை ஃபின்லாந்துப் பாடம் சொல்லித்தராது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பட்டியலின மாணவனை அவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதலான சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. சீண்டல் தடுப்புப் பொறுப்பில் இருப்பவர் இந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புகார் சொன்ன பிள்ளையின் பெயர் எதிராளியின் காதுக்குப் போகும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். "பல பேர் சொன்னார்கள், நாங்களும் பார்த்தோம்" என்று தொடங்குவதற்கு ஏற்ற ஆதாரத்தைத் திரட்டிக்கொண்டு, பிறகு கூப்பிடுங்கள்.

கூப்பிட்டுப் பேசுவது எப்படி

இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். ஸ்டிக்கர் விஷயத்தில் மூன்று பையன்களையும் ஒரே அறையில் நிற்கவைத்து, "சாரி கேளுங்கடா, கை கொடுங்க" என்றேன். கை கொடுத்தார்கள். அந்தப் பையன் அந்த வருஷம் முழுக்க என்னிடம் வேறு எதையும் சொல்லவில்லை. சண்டை போட்ட இருவருக்குச் செய்யும் சமரசத்தை, பலம் சமமில்லாத இடத்தில் செய்துவிட்டேன். கை கொடுத்த நொடியில் அவன் முகம் எப்படி இருந்தது என்பது இன்றும் நினைவில் இருக்கிறது.

கிவாவின் முறை வேறு. முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறார்கள். என்ன நடந்தது, எங்கே, யார் பார்த்தார்கள் என்று. பிறகு சீண்டியவர்களை ஒவ்வொருவராக. ஒருவர் வெளியே போய் இன்னொருவரிடம் கதை சொல்லிக்கொடுக்க நேரம் தராமல், அடுத்தடுத்து. அதன் பிறகே சீண்டியவர்களைச் சேர்த்துவைத்து, இனி ஒவ்வொருவரும் என்ன செய்யப்போகிறார் என்று பேசுகிறார்கள். அதில் இரண்டு பாணி உண்டு. ஒன்று நேரடியாக: "நீ செய்தது எங்களுக்குத் தெரியும், இன்றோடு நிற்க வேண்டும்." இன்னொன்று குற்றம் சாட்டாமல்: "அவன் நிலைமை எங்களுக்குக் கவலையாக இருக்கிறது, உன்னால் என்ன செய்ய முடியும்?" இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், பேசிய பிறகு பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் 78 சதவீதம் பேர் சீண்டல் நின்றதாகச் சொன்னார்கள். மொத்தத்தில் இரண்டு பாணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் வாய்க்கு எது இயல்பாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கத்துவது இரண்டிலும் சேராது.

இதோடு வகுப்பாசிரியர் இன்னொரு வேலை செய்கிறார். வகுப்பில் மதிப்புள்ள, மனசு நல்ல இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருக்கக் கேட்கிறார். எனக்கு இந்த முழுத் திட்டத்திலும் மிகப் பிடித்த பகுதி இது. எங்கள் எட்டாம் வகுப்பில் கபடி கேப்டனைக் கூப்பிட்டு, "தம்பி, பஸ்ல அவன் பக்கத்துல உக்காருவியா?" என்று மட்டும் கேட்டேன். பெரிய சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை. "சரி மிஸ்" என்றான், உட்கார்ந்தான். பின் சீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் ஒரு வாரத்தில் நின்றது.

சீண்டல் எவ்வளவு நடக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்கும் ஆன்லைன் கணக்கெடுப்பு நடத்தும் நாளில் கவனம். பெயர் கேட்காத கேள்வித்தாள் என்றாலும் பக்கத்துக் கணினியில் இருப்பவன் திரையைப் பார்ப்பான். ஒரு கணினி விட்டு ஒரு கணினியில் உட்காரவையுங்கள். முதுகுக்குப் பின்னால் நடக்காதீர்கள். முன்னால் நின்று சீண்டல் என்றால் என்ன என்பதை வாய்விட்டுப் படித்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். முடிவு வந்ததும் மொத்த சதவீதத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். வகுப்பில் சீண்டல் குறையக் குறைய, இன்னும் சீண்டப்படும் ஓரிரு பிள்ளைகளின் மனநிலை மேலும் மோசமாகலாம் என்று ஃபின்லாந்திலும் நெதர்லாந்திலும் கண்டிருக்கிறார்கள். பத்துப் பேர் அவதிப்படும்போது, 'இங்கே எல்லாருக்கும் இப்படித்தான்' என்று பிள்ளை தேற்றிக்கொள்ளும். தான் ஒருத்தி மட்டும் என்றானதும், 'என்னிடம்தான் ஏதோ கோளாறு' என்று தன்னையே குற்றம் சொல்லத் தொடங்கும். எண் நன்றாக வந்த வருஷத்தில்தான் மிச்சமிருக்கும் அந்தப் பிள்ளையைத் தேடிப்போக வேண்டும்.

உங்கள் வேலை எங்கே முடிகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தூக்கம் போய், சாப்பாடு போய், 'நான் இல்லாம இருந்தா நல்லது' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்குத் திட்டத்தில் பாடம் தேடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே பெற்றோரையும் மனநல மருத்துவ உதவியையும் நாடுங்கள். மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இவற்றை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டாமல் பிள்ளைகளின் டைரியில் எழுதவையுங்கள். சுற்றுவது ஒரு பிள்ளையின் ஆபாசப் படம் என்றால், அது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும். 2012-ம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்குள் பேசி முடிக்க உங்களுக்கோ தலைமையாசிரியருக்கோ உரிமை இல்லை. படத்தை ஆதாரத்துக்கென்று உங்கள் போனுக்கு வாங்கி வைக்கவும் வேண்டாம்.

இந்த வேலை பிடித்துப்போகிறவர்கள் உண்டு. சிபிஎஸ்இ தன் இணைப்பு விதிகளில் பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும் என்கிறது. உளவியல் பட்டமோ ஆலோசனைப் பட்டயமோ சேர்த்துக்கொண்டால் அது உங்களுக்கு இன்னொரு வழி.

கடைசியாக, டைரியில் தேதி. பேசி முடித்த அன்றே, ஓரிரு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்து, அந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். கிவா குழுக்கள் இந்த இரண்டாம் சந்திப்பை விடுவதில்லை. நாம் விடுவது பெரும்பாலும் இதைத்தான். அன்று "இப்ப பரவால்லயா?" என்று கேட்காதீர்கள். "பரவால்ல மிஸ்" என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். "நேத்து மத்தியானம் யார்கூட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். பெயர் வர நேரமானால், அடுத்த தேதியை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.