ஸ்டாலின்கிராடு: ஒரு நகரத்துக்காக நடந்த சண்டை



பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்காவின் சமூக அறிவியல் புத்தகத்தில் ஸ்டாலின்கிராடு போர் பற்றி இரண்டு மூன்று வரிதான் இருந்தது. நூலகத்தில் வேறு புத்தகம் எடுத்துப் படித்துவிட்டு, "அந்தப் போர்ல பொண்ணுங்களும் பீரங்கி சுட்டாங்க சார்" என்று வகுப்பில் சொன்னேன். பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "அப்படியே சுவர் இதழ்ல எழுதும்மா" என்றார். அதனால் எழுதுகிறேன். சிரிச்சவங்க கட்டாயம் படிக்கவும்.

ஸ்டாலின்கிராடு ரஷ்யாவில் வோல்கா ஆற்றின் மேற்குக் கரையில் நீளமாக அமைந்த நகரம். இப்போது அதன் பெயர் வோல்கோகிராடு. 1942-இல் ஹிட்லருக்குக் காக்கசஸ் பகுதியின் பெட்ரோல் கிணறுகள் வேண்டியிருந்தன. அந்த எண்ணெய் வோல்கா வழியாகத்தான் கப்பலில் வடக்கே போகும். நகரத்தைப் பிடித்தால் ஆற்றையும் மறிச்சிடலாம் இல்லையா? ஸ்டாலின் பெயர் வைத்த ஊர் என்பதால் ரெண்டு பக்கமும் வீம்பும் சேர்ந்துகொண்டது.

1942 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு போட்டன. லட்சக்கணக்கான மக்கள் அப்போதும் உள்ளேதான் இருந்தார்கள். முன்னாடியே எல்லாரையும் அக்கரைக்கு அனுப்பாதது பெரிய தப்பு என்பது என் கருத்து.

அதே நாளில் ஜெர்மன் டாங்கிகள் வடக்குப் பக்கமாக வந்தன. அங்கே விமானத்தைச் சுடும் பீரங்கிகளோடு 1077-ஆம் படைப்பிரிவு இருந்தது. அதில் பெரும்பாலும் இளம்பெண்கள். பல பேர் பள்ளிக்கூடம் முடிச்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வானத்தைப் பார்த்து நிற்கும் பீரங்கிக் குழாயைக் கீழே இறக்கி டாங்கியை நோக்கிச் சுட்டார்கள். காப்பாற்றக் காலாட்படை பக்கத்தில் இல்லை. 37 பீரங்கிகளும் அழியும் வரை சுட்டார்கள். எதிரே இருந்தது பெண்கள் என்று ஜெர்மானியருக்கு அப்புறம்தான் தெரிந்ததாம்.

செப்டம்பரிலிருந்து சண்டை தெருவுக்குள் வந்துவிட்டது. ஜெர்மன் 6-ஆம் படைக்கு பவுலஸ் தளபதி. ரஷ்யாவின் 62-ஆம் படைக்கு சுய்கோவ். சுய்கோவ் ஒரு யோசனை செய்தார். எதிரிக்கு ரொம்பப் பக்கத்திலேயே தன் ஆட்களை நிறுத்தினார். குண்டு போட்டால் ஜெர்மன்காரன் மேலேயும் விழும் என்பதால் விமானம் தயங்கும். டிராக்டர் தொழிற்சாலை, இரும்பு ஆலை, மாமயேவ் குன்று எல்லாம் போர்க்களம் ஆயின. ஒரே வீட்டில் மேல்மாடியில் ஒருத்தர், கீழே ஒருத்தர் என்று சண்டை. பாவ்லோவ் வீடு என்ற நாலு மாடிக் கட்டடத்தைச் சில வீரர்கள் சுமார் ரெண்டு மாதம் விடாமல் காத்தார்கள். அதன் நிலவறையில் பொதுமக்களும் இருந்தார்கள், ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

நவம்பர் 19-இல் எல்லாம் தலைகீழ். ரஷ்யப் படை நகரத்துக்குள் மோதாமல், வெளியே ருமேனியப் படைகள் காத்து நின்ற இரண்டு பக்கங்களை உடைத்தது. நவம்பர் 23-இல் காலாச் ஊர்ப் பக்கம் இரண்டு அணியும் சந்தித்தன. உள்ளே சுமார் இரண்டரை லட்சம் பேர் மாட்டிக்கொண்டார்கள்.

விமானத்தில் சாப்பாடு போடுவோம் என்றார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 300 டன் தேவை. சராசரியாக வந்தது சுமார் 100 டன்தான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 டன் என்பது 1,00,000 கிலோ. 2,50,000 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 400 கிராம். அதிலேயே ரொட்டி, பெட்ரோல், துப்பாக்கிக் குண்டு, மருந்து எல்லாம் அடக்கம். பனிக்காலம் வேறு. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். அவங்க எதிரி நாட்டுக்காரங்கதான், ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

1943 ஜனவரி 30-இல் ஹிட்லர் பவுலசுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கொடுத்தார். அந்தப் பதவியில் இருந்த ஜெர்மானியர் யாரும் அதுவரை சரணடைந்தது கிடையாது. அதாவது, செத்துப்போ என்று அர்த்தம். பவுலஸ் மறுநாளே சரணடைந்தார். பிப்ரவரி 2-இல் சண்டை முழுசா நின்றது. கைதானவர்கள் சுமார் 91,000. வீடு திரும்பியவர்கள் ஏறக்குறைய 5,000 அல்லது 6,000 பேர். ரஷ்யப் படையில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 4,78,000-க்கு மேல். ஜெயிச்சவங்க கணக்கு இது. பொதுமக்கள் இதில் சேரவில்லை.

பாவ்லோவ் வீட்டுக்கு எதிரே சிவப்புச் செங்கல் மாவு மில் ஒன்று உண்டு. ஊரையே திரும்பக் கட்டியவர்கள் அதை மட்டும் சரிபண்ணாமல், ஓட்டை உடைசலோடு அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கீழே வரைபடம் வரைந்திருக்கிறேன். நீலம் வோல்கா ஆறு. சிவப்பு அம்பு ரஷ்யப் படை. பீரங்கிப் பெண்கள் நின்ற வடக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வைத்திருக்கிறேன், பார்க்கவும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி