சுழலா, வேகமா?

நுழையும்முன்

அயல்நாடு செல்லும் கிரிக்கெட் அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்பது வீடுதோறும் எழும் வழக்கு. ஆட்டம் முடிந்தபின் அவ்வழக்கில் அனைவரும் நீதிபதிகளே. ஆனால், ஆட்டம் தொடங்குமுன் தீர்ப்புக் கூற வேண்டியவர்கள் தேர்வாளர்களும் அணித்தலைவரும் ஆவர். இந்திய அணியின் இங்கிலாந்துப் பயணங்களைச் சான்றாகக் கொண்டு, நேர்மையாக விவாதிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இருமுறைத் தேர்வு

பயண அணி புறப்படுவதற்குப் பல நாள்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. ஆடுகளத்தில் எவ்வளவு புல் இருக்கும், எந்நாளில் மழை பெய்யும் என்பவற்றை அப்போது எவரும் அறியார். ஆகவே, வேகப்பந்து வீச்சாளர், சுழற்பந்து வீச்சாளர் ஆகிய இருவகையினரும் பயண அணியில் இடம்பெறுவர். களமிறங்கும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் தேர்வு. டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் நீள்வது; ஐந்தாம் நாளுக்கு உரியவரையும் முதல் நாளிலேயே தேர்ந்தாக வேண்டும். விவாதம் கூர்மை பெறுவது இவ்விடத்தில்தான்.

இருதரப்பு நியாயங்கள்

வேகத்தின் தரப்பு கூறுவது இது: இங்கிலாந்தில் மேகம் சூழ்ந்த காலைப்பொழுதில் பந்து காற்றில் வளைந்து செல்கிறது. அங்குப் பயன்படும் டியூக்ஸ் பந்தின் தையல் மேடாக இருப்பதால், ஈரமும் புல்லும் உள்ள தரையில் பட்டதும் பந்து திசை மாறுகிறது. முதல் நாளிலேயே எதிரணியை வீழ்த்த வல்லவர் வேகப்பந்து வீச்சாளரே.

சுழலின் தரப்பு கூறுவது வேறு: நாள் செல்லச் செல்ல ஆடுகளம் உலர்ந்து வெடிக்கிறது, வீச்சாளர்களின் காலடித் தடங்கள் ஆழமாகின்றன. அத்தடங்களில் விழும் பந்து எதிர்பாராத வகையில் திரும்பும். மேலும், சுழற்பந்து வீச்சாளர் நெடுநேரம் ஒரு முனையிலிருந்து வீசி, வேகப்பந்து வீச்சாளருக்கு ஓய்வளிக்கிறார்.

இரண்டும் உண்மையே. எனவே, பொதுவிதி ஒன்றைக் கூறி இவ்விவாதத்தை முடித்துவிட இயலாது.

1967-உம் 1971-உம்

1967ஆம் ஆண்டு பர்மிங்காம் டெஸ்ட் ஆட்டத்தில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் ஆகிய நான்கு சுழற்பந்து வீச்சாளரும் ஒருங்கே களமிறங்கினர். அவர்கள் நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட் அதுவே. புதிய பந்தை வீசுவதற்கு உரிய வேகப்பந்து வீச்சாளர் அணியில் இல்லை. விக்கெட் காப்பாளராகவும் மட்டையாளராகவும் அறியப்பட்ட குந்தரன், சுப்ரமண்யாவுடன் சேர்ந்து அப்பணியைச் செய்தார். இந்தியா 132 ஓட்டங்களில் தோற்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் ஓவல் மைதானத்தில் நிலை மாறியது. அபித் அலியும் சோல்கரும் மிதவேகத்தில் தொடங்கிவைக்க, மூன்று சுழற்பந்து வீச்சாளரை நம்பி இந்தியா ஆடியது. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றது. ‘இங்கிலாந்தில் சுழல் எடுபடாது’ என்னும் கூற்று அன்றே பொய்த்தது. எனினும், அப்பயணத்தில் பிரசன்னாவுக்கு ஒரு டெஸ்டிலும் வாய்ப்புக் கிட்டவில்லை. வென்ற அணியிலும் வெளியே அமர்ந்திருப்போர் உண்டு.

2021-உம் 2023-உம்

2021 ஜூன் மாதம் சவுத்தாம்ப்டனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி நடைபெற்றது. இந்தியா அஸ்வின், ஜடேஜா என்னும் இருவரையும் சேர்த்துப் பதினொருவரை முன்னதாகவே அறிவித்தது. முதல் நாள் முழுவதும் மழையால் அழிந்தபோதும் அணி மாறவில்லை. நியூசிலாந்து தனிச் சுழற்பந்து வீச்சாளர் எவருமின்றி ஆடி, 8 விக்கெட் வேறுபாட்டில் வென்றது. ‘இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் இருந்திருக்க வேண்டும்’ என்றனர் ஒருசாரார். ஆனால், நியூசிலாந்தின் இரண்டாம் இன்னிங்ஸில் வீழ்ந்த இரு விக்கெட்டுகளையும் எடுத்தவர் அஸ்வினே. ஒரே ஆட்டம் இரு தரப்புக்கும் சான்றாயிற்று.

2023இல் ஓவலில் நடந்த அடுத்த இறுதிப்போட்டியில் மறுதலையான முடிவு எடுக்கப்பட்டது. புல் படர்ந்த ஆடுகளத்தையும் மேகத்தையும் கண்டு நான்கு வேகப்பந்து வீச்சாளரும் ஜடேஜாவும் சேர்க்கப்பட்டனர். டெஸ்ட் தரவரிசையில் அப்போது முதலிடத்தில் இருந்த அஸ்வின் வெளியே அமர்ந்தார். ஆஸ்திரேலியா 76 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தபோது அம்முடிவு சரியெனத் தோன்றியது. பின்னர் ஹெட் 163, ஸ்மித் 121 ஓட்டங்கள் எடுக்க, அந்த அணி 469 ஓட்டங்களைக் குவித்தது. இறுதியில் சுழற்பந்து வீச்சாளர் லயன் 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 209 ஓட்டங்களில் தோற்றது.

எது நல்ல வாதம்?

‘தோற்றோம், ஆகவே தேர்வு தவறு’ என்பது வலுவற்ற வாதம். 2021இல் சுழலைச் சேர்த்துத் தோற்றோம். 2023இல் குறைத்துத் தோற்றோம். முடிவைக் கொண்டு மட்டும் அளந்தால் இரண்டும் தவறாகிவிடும். முடிவெடுத்தபோது அறியக்கூடியதாய் இருந்தது எது என்பதையே ஆராய வேண்டும். 2023இல் மேகம் கண்முன் இருந்தது. ஆஸ்திரேலியாவின் முதல் ஏழு மட்டையாளரில் நால்வர் இடக்கையர் என்பதும், வலக்கைச் சுழற்பந்து வீச்சாளரான அஸ்வினின் பந்து அவர்களை விட்டு விலகித் திரும்பும் என்பதும் முன்பே தெரிந்தவை. அஸ்வினைச் சேர்த்திருக்க வேண்டும் என்போர்க்கு இதுவே வலிய சான்று. லயனின் விக்கெட்டுகள் பின்னர் வந்த செய்தி.

‘அவர் நம் ஊர்க்காரர்’ என்பதும் வாதமன்று. சென்னையில் பிறந்தவர் என்பதால் அஸ்வின் இடம்பெற வேண்டியதில்லை. அதனால் அவர் இழக்கவும் கூடாது. ஓர் ஆட்டக்காரரின் உழைப்பு எடைபோடப்படும்போது தராசு நடுநிலையில் நிற்க வேண்டும். அன்பைக் காரணமாக வேடமிட்டு நிறுத்துவோர் தம் அன்புக்குரியவரையே சிறுமைப்படுத்துகின்றனர்.

சொல்லும் பொருளும்

வழக்கு – வாதத்திற்குரிய செய்தி
மறுதலை – எதிரானது
ஒருசாரார் – ஒரு பகுதியினர்
நடுநிலை – ஒருபக்கம் சாயாமை

பயிற்சி

1. பயண அணித் தேர்வுக்கும் பதினொருவர் தேர்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ‘இங்கிலாந்தில் சுழல் எடுபடாது’ என்னும் கூற்றை மறுக்கும் சான்று ஒன்றைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
3. பிரித்து எழுதுக: தலைப்பிலன்றி, பயணத்தில், எனினும் ஆகியவற்றுள் ‘எனினும்’ என்பதைப் பிரித்து, அது இருமுறை வரும் வகையில் இரு தொடர்கள் அமைக்க.
4. செயல்பாடு: வகுப்பு இரு அணியாகப் பிரிந்து, 2023 ஓவல் அணித்தேர்வைப் பற்றி விவாதிக்க. பேசும் ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பின் வலிய நியாயத்தை முதலில் ஒரு தொடரில் கூறிவிட்டு, அதன்பின்னரே தம் வாதத்தைத் தொடங்குக. ஆட்டத்தின் முடிவைச் சான்றாகக் காட்டுதல் ஆகாது.